பையன் எப்படி என்று கேட்டார்கள்

ஜூலை மாதக் கடைசி வந்தாலே மார்லீன் ஸ்வோபோடாவுக்குப் பயம். அமெரிக்காவின் அயோவாவில் அது நல்ல பருவம். மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும், ஆற்றங்கரையில் தினம் யாராவது இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள், ஊரே சிரித்த முகமாகத் திரியும். அவள் மட்டும் டெலிபோன் அடித்தால் திடுக்கிடுவாள்.

எல்லாம் பேஸ்பால் படுத்தும் பாடு. அந்த ஊர் அணிக்கு நாரைகள் என்று பெயர். பேருக்குத்தான் அணி, உண்மையில் அது பெரிய நகரத்து அணி ஒன்றின் நாற்றங்கால். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களை அங்கே விட்டு வளர்ப்பார்கள். தேறியவனைப் பிடுங்கி மேலே நடுவார்கள், தேறாதவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜூலை முப்பத்தொன்று நெருங்கினால் மட்டும் வேறு கதை. பெரிய அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ள அன்றோடு கெடு முடிகிறது. கோப்பை ஆசையில் இருக்கும் அணி, தோற்றுத் துவண்டுபோன அணியிடம் போய், உன்னிடம் இருக்கிற அனுபவசாலி ஒருவனைக் கொடு, பதிலுக்கு என் நாற்றில் இரண்டைத் தருகிறேன் என்று பேரம் பேசும். எந்த இரண்டு என்பதில்தான் இழுபறி. கொடுக்கிறவன் சொத்தையைத் தள்ளிவிடப் பார்ப்பான். வாங்குகிறவன் தோண்டித் துருவுவான். பந்தை எப்படி அடிக்கிறான், எப்படி எறிகிறான் என்பதையெல்லாம் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஆள் எப்படி, குடிப்பானா, ராத்திரி ஒழுங்காக வீட்டுக்கு வருவானா என்பது அங்கே தெரியாது. பெண் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டில் போய் மெதுவாக விசாரிப்பார்களே, அந்த மாதிரி விசாரித்தால்தான் உண்டு.

விசாரிப்பதற்குத் தோதான ஆட்கள் மார்லீன் போன்றவர்கள். இந்தப் பையன்களுக்கு அப்போது கொடுத்த சம்பளத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுக்க முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவனைக் கோடை முழுக்கத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள். காசு கீசு கிடையாது. ஆட்டத்துக்கு ஓசி டிக்கெட்டும், 'எங்க வீட்டுப் பையன்' என்று சொல்லிக்கொள்ளும் பெருமையும்தான் கூலி.

மார்லீனுக்கு அந்தக் கூலி போதுமானதாக இருந்தது. பாதி ஆயுள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு உலகம் சரியாக ஓடுவது போல இருக்கும். ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே கணவன் ரே, காரை நிறுத்தப் போனவன், ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து போய்ச் சேர்ந்தான். மகள் கேரன் சியாட்டிலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அங்கே மழை, இங்கே வெயில் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருத்திக்காகச் சமைப்பது சமையலே இல்லை என்பது மார்லீனின் கட்சி. அதனால் நின்றபடியே ரொட்டியைக் கடித்துவிட்டு, ஒரு பீர் பாட்டிலைத் திறந்துகொண்டு, டிவியில் வானிலை சொல்பவனிடம் பேசிக்கொண்டிருப்பாள். அவன் பதில் சொல்லாதது அவளுக்குக் கோபமாகக்கூட வரும்.

இப்படி இருந்த வீட்டுக்கு முதலில் வந்தவன் கோல்பி. ஜார்ஜியாக்காரன், இடக்கையால் பந்தெறியும் பிட்சர், கதவு நிலையில் தினம் ஒரு முறை தலையை இடித்துக்கொள்ளும் உயரம். வந்த அன்றே ஒரு பாத்திரம் உருளைக்கிழங்கைக் காலி செய்துவிட்டு, "இன்னும் இருக்கா, மார்லீன் அம்மா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் அவள் கவிழ்ந்துவிட்டாள்.

உள்ளூரில் ஆட்டம் இருந்தால், மைதானத்துக்குள் சர்ச்சுப் பெண்கள் ஒரு கடை போடுவார்கள். நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சே பன்தான் அங்கே விசேஷம், செக் நாட்டிலிருந்து வந்து அந்த ஊரில் குடியேறிய குடும்பங்களின் பலகாரம். மார்லீனும் அவள் சிநேகிதி டொரீனும் விற்பார்கள். ஜூலையில் ஒரு நாள், வைக்கோல் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்து ஆப்ரிகாட் கொலாச்சே ஒன்று வாங்கினார். விக் ஓஸ்ட்ரம் என்று பெயர் சொன்னார். பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"கோல்பி உங்க வீட்லதான இருக்கான்? பையன் எப்படிம்மா?"

மடை திறந்துவிட்டது.

"பையனா அது, தங்கம்! விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஓடப் போயிடுவான். தோத்துட்டு வந்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டான். சாப்பிட்ட தட்ட அவனே கழுவி வைப்பான். சர்ச்சுக்கு என்கூட வந்து முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், நான்தான் தூங்கி விழுவேன்."

"குடி கிடி?"

"நீங்க வேற! பால் குடிச்சே என்னை ஓட்டாண்டி ஆக்கிட்டான்."

அவர் சிரித்தார். இன்னும் கேட்டார், அவளும் சொன்னாள். உண்மையைச் சொன்னால், ரே போன பிறகு ஒரு மனிதன் அவளிடம் அடுத்தடுத்து இத்தனை கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியில் கார் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அந்த ஆள் தோற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் அணிக்கு ஆள் பிடிப்பவர் என்பதை டொரீன் சொன்னபோதுகூட அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

கெடு முடிவதற்கு முந்தின நாள் ஆட்டம். கோல்பி பிரமாதமாக எறிந்துகொண்டிருந்தான். நடு ஆட்டத்தில் அணியின் மேனேஜர் நடந்து போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவன் வெளியே வந்ததும் மற்றப் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். நன்றாக ஆடினால் முதுகில் தட்டுவார்கள், மோசமாக ஆடினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படிக் கட்டிப்பிடிப்பதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான், ஆளை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஐயையோ மார்லீன், கட்டிப்பிடிக்கிறாங்கடி!" என்றாள் டொரீன்.

ஒரு பையில் அடைக்க முடிந்ததை அடைத்துக்கொண்டு அவன் அன்றைக்கே கிளம்பிவிட்டான். மிச்சத்தை அவள்தான் பெட்டி கட்டி அனுப்பினாள். பாதி தின்ற சோளப்பொரி டப்பாவை அனுப்பவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. அது பனி விழும் வரை அலமாரியில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அதோடு சரி.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே நாளில் வாங்கிவிடக்கூடிய சாமானை மூன்று நாளாகப் பிரித்து வாங்கினாள், கடைப்பெண்ணிடம் மூன்று முறை பேசலாமே என்று. மாடியில் ஏதாவது சத்தம் கேட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரும். யாரும் இல்லாத வீட்டில் இருப்பது அவளுக்குப் பழகித்தான் போயிருந்தது. ஒருவன் இருந்துவிட்டுப் போன வீட்டில் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரலில் ஹார்லன் பெட்டிஜான் வந்தான். ஒக்லஹோமாக்காரன், மூன்றாம் பேஸ் என்கிற இடத்தில் நின்று பந்தைத் தடுப்பவன், அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவன். இருபத்து மூன்று. கோல்பி மாதிரி கலகலப்பு கிடையாது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பனோடு பேச்சுவார்த்தை சரியில்லை. ஆனால் வீட்டில் எது உடைந்திருந்தாலும் இவன் கண்ணில் பட்டுவிடும். கூரைத் தகரக் குழாயில் அடைத்திருந்த இலையை வாரினான். ரே விட்டுப்போன புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி ஓடவைத்தான். சாயங்காலம் அவள் பீர் பாட்டிலோடு உட்கார்ந்தால் இவன் எலுமிச்சைச் சாற்றோடு எதிரே உட்காருவான். குடிகார அப்பனைப் பார்த்து வளர்ந்தவன், அதைத் தொடவே மாட்டான். வானிலை சொல்பவனைப் பார்த்து அவள் ஏதாவது முணுமுணுத்தால் இவன் பதில் சொல்வான்.

"நாளைக்கு மழையாமே, இவனுக்கு என்ன தெரியும்?"

"அந்தாளு ஜன்னலத் திறந்து பாக்கிறதே இல்லை போல, மார்லீன் அம்மா."

இவ்வளவுதான் பேச்சு. இதற்காக அவள் நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

ஹார்லனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவனுடைய பெரிய அணி போன வருஷம் கோடிக்கணக்கில் கொட்டி வேறொரு மூன்றாம் பேஸ்காரனை வாங்கியிருந்தது. அந்த இளவரசன் இருக்கும் வரை இவனுக்கு மேலே போக வழியில்லை. அவனுக்கு அது தெரியும், ஊருக்கும் தெரியும், கொலாச்சே கடையில் கை துடைக்கும் துணிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஜூலையில் வைக்கோல் தொப்பி மறுபடி வந்தது.

"சௌக்கியமாம்மா? அதே ஆப்ரிகாட்தான், ரெண்டா கொடுங்க" என்றார் விக் ஓஸ்ட்ரம். டொரீன் இன்னொரு தட்டு பன் எடுத்துவரப் போயிருந்தாள். "போன வருஷம் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சேன். ரெண்டு பிட்சர்ல யாரக் கேக்கறதுன்னு எங்க ஆளுங்க முட்டி மோதிக்கிட்டிருந்தாங்க. நீங்க கோல்பியப் பத்திச் சொன்னத அப்படியே எழுதி அனுப்பினேன். அன்னிக்கே முடிஞ்சுது. பையன் இப்ப ரெண்டு படி மேல போயிட்டான்."

பன்னை எடுத்த இடுக்கி மார்லீனின் கையில் அப்படியே நின்றது. அவளுடைய பையனை அவளே வாயாரப் புகழ்ந்து வழியனுப்பி வைத்திருக்கிறாள்.

"இப்ப ஹார்லன் உங்க வீட்லயாமே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பக்கம் மூணாம் பேஸ் காலியாக் கிடக்கு. இங்க இருந்தான்னா அவன் கதை முடிஞ்சுது, உங்களுக்கே தெரியும். எங்க கணக்குல ரெண்டு பேரு. ஒண்ணு இவன், இல்லாட்டி இதே அணியில ரெண்டாம் பேஸ்ல நிக்கிற பையன், அவனையும் மூணுக்கு மாத்திக்கலாம். ஆட்டமெல்லாம் பாத்தாச்சு. குணம் மட்டுந்தான் பாக்கி. நீங்க ஒளிச்சு மறைச்சுப் பேசறவங்க இல்ல. சொல்லுங்க, பையன் எப்படிம்மா?"

மைதானத்தில் ஹார்லன் உருண்டு வரும் பந்தைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே அவளைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தொட்டான். அவள் அவனைப் பார்த்தாள். மனசுக்குள் வீட்டு மாடிப்படியைப் பார்த்தாள், சோளப்பொரி டப்பாவைப் பார்த்தாள், நின்றுகொண்டு தின்ற ரொட்டியைப் பார்த்தாள்.

"நல்ல பையன்தான்..." என்று இழுத்தாள்.

"தான்?"

"காலையில எழுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ராத்திரி எப்ப வர்றான்னு எனக்குத் தெரியறதில்ல." குரல் தன்னுடையது போலவே இல்லை அவளுக்கு. "அப்புறம்... காலி பாட்டில் போடற பெட்டி. வாராவாரம் நிறைஞ்சிடுது. நான் பெத்த பிள்ளையா, கேக்க முடியுமா? சின்ன வயசு."

பாட்டில்கள் அவளுடையவை.

விக் ஓஸ்ட்ரம் கையிலிருந்த சின்ன நோட்டில் எதையோ அடித்தார். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். "கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க மனசுல பட்டதச் சொன்னீங்க. ரொம்ப நன்றிம்மா" என்றார். இரண்டாவது பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொசுவலைக் கதவின் கிழிசல் தைத்திருந்தது. "எனக்கு ஒண்ணாவது மிச்சம் வச்சீங்களா, இல்ல எல்லாத்தையும் ஊராருக்கே கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டான் ஹார்லன். அவளுக்கு அழுகை முட்டியது. வெங்காயம் நறுக்கப் போனாள்.

முப்பத்தொன்றாம் தேதி ஆட்டம் இல்லை. இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை நடுவில் அவன் போன் கிடந்தது. கெடு பிற்பகல் மூன்று மணி. இரண்டு மணிக்குமேல் போன் ஒரு தடவை அடித்தது. அவன் பாய்ந்து எடுத்தான். இரண்டாம் பேஸ்காரன். தன்னைக் கொடுத்துவிட்டார்களாம், போய்வருகிறேன் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறான். ஹார்லன் மனசார வாழ்த்தினான். போனை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று அடித்ததும் போனை எடுத்து, கவிழ்த்து வைத்தான்.

"சரி, நம்மள யாரும் கேக்கல" என்றான்.

மார்லீன் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் கறியும் வைத்துச் சுட்ட தட்டை எடுத்து வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதில் பயனில்லை. செப்டம்பர் வரை இந்த நாற்காலியில் ஆள் இருக்கும் என்ற ஒரே நினைப்பில், பாவம், அவள் இரண்டு கரண்டி கூடுதலாகவே பரிமாறினாள்.

ஆகஸ்டில் அவன் மட்டை மௌனமாகிவிட்டது. தன்னை ஒருவரும் விரும்பவில்லை என்று தெரிந்த பிறகு பந்து கண்ணுக்குத் தெரிவதே குறைந்துவிட்டது என்பான். சீசன் முடிந்து போனான். மார்ச்சில், பயிற்சி முகாமில் வைத்து, இனி நீ தேவையில்லை என்று ஒரு வார்த்தையில் அவனை அவிழ்த்துவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் அவள் வாசலில் அதே பையோடு நின்றான்.

"அப்பன் வீட்டுக்குப் போகப் பிடிக்கல. கொஞ்ச நாளைக்கு... வாடகை குடுத்துடுறேன், மார்லீன் அம்மா."

"வாடகையா? உதைப்பேன், உள்ள வாடா" என்றாள்.

அவனுக்கு ஆற்றோரத் தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. முடியிலும் புருவத்திலும் சோளத் தூசியோடு வருவான், குளிப்பான், எதிரே உட்காருவான். மாடியில் நடமாட்டம் இருந்தது, தட்டுகள் இரண்டு இருந்தன, வானிலைக்காரனைத் திட்டத் துணை இருந்தது. கேட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அவளால் சாப்பிட முடியவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக் கொலாச்சே கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யாரும் இல்லாதபோது தனியாக இருந்தவள், இப்போது அவன் இருக்கும்போதே தனியாக இருந்தாள். பேச ஆள் இருந்தும் பேச வேண்டிய ஒன்றைப் பேச முடியாத தனிமை, பழையதைவிட மோசமாக இருந்தது.

ஜூலை முப்பத்தொன்று வந்தது. வேலையிலிருந்து அவன் சீக்கிரம் வந்துவிட்டான். டிவியில் யார் யாரை யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. வேக வைத்த சோளக்கதிரில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவன் பேச்சை எடுத்தான்.

"அந்த ரெண்டாம் பேஸ்காரன் அடுத்த வருஷம் பெரிய அணியில ஆடிடுவான்னு சொல்றாங்க. நல்லா இருக்கட்டும்." ஒரு கடி கடித்தான். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? போன வருஷம் முதல்ல என்னைத்தான் கேட்டாங்களாம். என் பழைய ஏஜென்ட் இப்பதான் சொன்னான். கடைசி நேரத்துல யாரோ என்னப் பத்திக் கதை கட்டிவிட்டிருக்காங்க. குடிக்கிறவன், ராத்திரி வீடு தங்காதவன்னு."

மார்லீன் கையில் உப்பு டப்பா இருந்தது.

"நான்! குடிக்கிறவன்!" என்றான் அவன். "எனக்குத் தெரியும் யாருன்னு. அந்த மேனேஜர்தான். என்னக் கண்டாலே அந்தாளுக்கு ஆகாது. நேத்து பெட்ரோல் பங்குல பாத்தேன், வணக்கம் சொன்னாரு. மூஞ்சியத் திருப்பிட்டு வந்துட்டேன். இன்னும் ஒரு தடவ பாத்தேன்னா நாலு வார்த்த நல்லாக் கேட்டுடுவேன்."

"அவரு இல்ல" என்றாள் மார்லீன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் உப்பு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "நான்தான் சொன்னேன், ஹார்லன். தொப்பிக்காரரு என்கிட்டத்தான் கேட்டாரு. நீ போயிடக் கூடாதுன்னு நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவன் கதிரைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். டிவியில் யாரோ கைதட்டினார்கள். அவன் வாய் மெல்லக் கோணியது, தோள் குலுங்கியது, பிறகு வெடித்துச் சிரித்தான். அந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

"நீங்களா! கொசு கடிச்சாக்கூட அதுக்கு வலிச்சிருக்குமோன்னு பாக்கிற ஆளு நீங்க! அந்தாள என் கோபத்துலேர்ந்து காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு பொய்யா?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொய் சொல்லவும் ஒரு மூஞ்சி வேணும், மார்லீன் அம்மா. உங்களுக்கு வரல, விட்டுடுங்க."

"இல்லடா, நிஜமா..."

"சரி சரி. அந்தாள ஒண்ணும் பண்ணல, போதுமா?" எழுந்து வந்து அவள் தலையில் ஒரு முத்தம் வைத்தான். பையன்கள் யாரும் அதுவரை செய்யாத காரியம் அது. "ஊர்ல ஒருத்தரும் என்னை வேணும்னு கேக்கல. நீங்க ஒருத்தர்தான் உள்ள வாடான்னு சொன்னீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

அவளுடைய தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தான். இன்னொரு முறை சொல்ல மார்லீன் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். முதல் முறை சொல்வதற்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் பாத்திரம் கழுவும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் அழுதாள், அவன் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று.